‘இதுதான் கடைசி’: 19,000 பந்தயங்களின் கணக்கு

2023 ஜூனில், ஒரு பேஸ்பால் வீரரின் மொழிபெயர்ப்பாளரான இப்பேய் மிசுஹாரா தன் பந்தயத் தரகருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். எனக்குப் பிரச்சினை இருக்கிறது என்று சிரித்தபடி தொடங்குகிறது அது. கடைசி, கடைசி, கடைசியாக ஒரு தடவை மட்டும் கடனில் கட்டும் வரம்பை ஏற்றித் தர முடியுமா, இது நிஜமாகவே கடைசி என்று முடிகிறது. 2022 ஜனவரியில் 50,000 டாலர் ஏற்றித் தரச் சொன்னபோதும் இதில் தோற்றால் கொஞ்ச காலத்துக்கு இதுதான் கடைசி என்றுதான் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அம்மா மேல் சத்தியம் செய்தார். தரகரும் வரம்பை ஏற்றிக்கொண்டே இருந்தார்.

இந்தச் செய்திகள் இன்று பொது ஆவணம். அமெரிக்க வருமான வரித் துறையின் குற்றப் புலனாய்வு அதிகாரி 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இவை வரிசையாக இருக்கின்றன. சூதாட்ட நோய் எப்படி வளர்கிறது என்பதைத் தேதி, தொகை, சொன்ன சொல் என எல்லாவற்றோடும் பார்க்கக் கிடைப்பது அரிது. பெரும்பாலான வீடுகளில் எஞ்சுவது அழிக்கப்பட்ட வாட்ஸாப்பும் அடகுக்கடை ரசீதும்தான். அதனால்தான் இந்த வழக்கை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்தது என்ன

மிசுஹாரா, பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓஹ்தானியின் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானில் ஹொக்கைடோ அணியில் இருந்தபோதே பழக்கம். 2018இல் ஓஹ்தானி ஏஞ்சல்ஸ் அணிக்காக அமெரிக்கா வந்தபோது கூடவே வந்தார். வேலை மொழிபெயர்ப்பு என்றாலும் கார் ஓட்டுவது, கடைக்குப் போவது, வங்கிக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர்தான். அரிசோனாவில் சம்பளக் கணக்கு தொடங்கியபோது ஓஹ்தானியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவரே.

2021இல் ஒரு போக்கர் ஆட்டத்தில் மேத்யூ போயர் என்ற சட்டவிரோதப் பந்தயத் தரகரோடு அறிமுகம். அந்த செப்டம்பரிலேயே பந்தயம் தொடங்கியது. கால்பந்து, கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என்று கட்டினார். பேஸ்பாலில் கட்டியதாகப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் கடன் கைமீறியது. 2021 நவம்பரிலிருந்து 2024 ஜனவரி வரை ஓஹ்தானியின் கணக்கிலிருந்து 1.6 கோடி டாலருக்கு மேல் தரகர் தரப்புக்குப் போனது. 2024 மார்ச்சில், ஓஹ்தானி அப்போது சேர்ந்திருந்த டாட்ஜர்ஸ் அணி சியோலில் ஆடிக்கொண்டிருந்தபோது விஷயம் வெடித்தது. முதலில் ஒரு செய்தி நிறுவனத்திடம், என் கடனை ஓஹ்தானியே தெரிந்து அடைத்தார் என்றார் மிசுஹாரா. மறுநாள் அதை மறுத்தார். அணியினர் முன் தான் ஒரு சூதாட்ட அடிமை என்று சொன்னார். அன்றே வேலை போனது. ஜூன் 4 அன்று வங்கி மோசடி, பொய்யான வரிக்கணக்கு ஆகிய இரு குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். 2025 பிப்ரவரி 6 அன்று 57 மாதச் சிறை. அதோடு ஓஹ்தானிக்கு 1,69,75,010 டாலரும் வரித் துறைக்கு 11,49,400 டாலரும் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

ஒரு நாளைக்கு 25

2021 டிசம்பரிலிருந்து 2024 ஜனவரி வரைக்குமான பந்தயப் பதிவேட்டில் சுமார் 19,000 பந்தயங்கள் இருந்தன. நாளுக்குச் சராசரியாக 25. விழித்திருப்பது 16 மணி நேரம் என்றால், 38 நிமிடத்துக்கு ஒன்று. மிகச் சிறியது 10 டாலர், மிகப் பெரியது 1,60,000 டாலர், சராசரி 12,800 டாலர். இந்த 25ஐயும் 12,800ஐயும் பெருக்கினால் 3,20,000 வருகிறது. தன் சம்பளம் ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர் என்று அவரே சொல்லியிருந்தார். அதாவது ஓர் ஆண்டு உழைப்புக்கு நிகரான தொகை ஒரே நாளில் மேசைக்கு வந்து போயிருக்கிறது.

வென்ற பந்தயங்களின் தொகை 14.22 கோடி டாலருக்கு மேல். தோற்றவை 18.29 கோடி. நிகர நட்டம் 4.06 கோடி. தோற்றுக்கொண்டே இருந்தும் ஏன் விடவில்லை என்று குடும்பத்தார் கேட்கும் கேள்விக்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது. அவர் தோற்றுக்கொண்டே இருக்கவில்லை. தோற்ற ஒவ்வொரு 100 டாலருக்கும் 78 டாலர் ஜெயித்திருக்கிறார். எப்போது வரும் என்று தெரியாமல் நடுநடுவே கிடைக்கும் வெற்றிதான் மூளையை இறுகப் பிடிக்கிறது. தொடர்ந்து தோற்பவருக்குச் சலித்துப்போகும். விட்டுவிட்டு ஜெயிப்பவருக்குத்தான் நோய் முற்றும்.

கணக்கு ஆரம்பத்திலேயே ஆடுபவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. அமெரிக்க விளையாட்டுப் பந்தயத்தில் வழக்கமான விலை, 100 ஜெயிக்க 110 கட்ட வேண்டும் என்பது. இதில் நட்டமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகக் கணிக்க வேண்டும். விளையாட்டு தெரிந்தவருக்கு இந்த இரண்டரைப் புள்ளி அற்பமாகத் தெரியும். 19,000 முறை கட்டும்போது அந்த அற்பம்தான் ஆளை விழுங்குகிறது. விளையாட்டு உலகத்துக்குள்ளேயே வாழ்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எனக்கு இது தெரியும் என்ற நம்பிக்கை எளிதில் உடையாது. தோல்வி வந்தால் அது நடுவர் தவறு, கடைசி நிமிட கோல், அதிர்ஷ்டக் கேடு என்று கணக்காகிறது.

இதற்கு மேல் விட்டதைப் பிடிக்கும் ஆட்டம். தோற்றதை ஒரே அடியில் எடுத்துவிட வேண்டும் என்று தொகையை இரட்டிப்பாக்குவது. 500 ரூபாயில் தொடங்கி, தோற்கும் ஒவ்வொரு முறையும் இரட்டித்தால், பத்துத் தோல்விக்குப் பிறகு பதினோராவது பந்தயம் 5,12,000 ரூபாய். ஒரு நாளைக்கு 25 முறை ஆடுபவருக்குத் தொடர்ந்து பத்துத் தோல்வி என்றாவது ஒருநாள் வந்தே தீரும்.

வரம்பை ஏற்றியது யார்

சட்டபூர்வமான செயலிகளில் முதலில் பணம் போட்டால்தான் ஆட முடியும். போயரின் தளத்தில் அப்படியில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, இவ்வளவு வரை கடனில் ஆடலாம் என்று ஒரு வரம்பு வைப்பார்கள். தோற்றால் பிறகு தீர்க்க வேண்டும். வரம்பு முடிந்ததும், ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பது. மிசுஹாராவின் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை இதுதான். 2022 நவம்பரில், எனக்கு இந்தப் பந்தயம் சுத்தமாக வராது போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே ஏற்றித் தரக் கேட்கிறார். நான் பணம் தரமாட்டேனோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம் என்று உறுதியும் தருகிறார்.

கையில் காசு தீர்ந்தால் நின்றுவிடும் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. கடனில் ஆடும்போது பணம் போகும் வலி பல நாள் தள்ளி வருகிறது. அதற்குள் இன்னும் நூறு பந்தயம் கட்டியாகிவிடும். நம் ஊரில் கிரிக்கெட் பந்தயத்துக்கு வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் ‘ஐடி’ கொடுப்பவர்கள் நடத்துவதும் இதே அமைப்புதான். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் ஒருவர் சட்டபூர்வச் செயலியை விட்டுவிட்டார் என்று குடும்பம் நிம்மதியடைய முடியாது. அவர் ‘ஐடி’க்கு மாறினாரா என்று பார்க்க வேண்டும். செயலியிலாவது தன் கணக்கைத் தானே பூட்டிக்கொள்ளும் வசதி இருந்தது. தரகரிடம் அப்படி எதுவும் கிடையாது. தரகருக்கு அவர் வாடிக்கையாளர், கடன்காரர் இரண்டும். 2023 நவம்பரில் மிசுஹாரா அழைப்பை எடுக்காதபோது தரகர் அனுப்பிய செய்தி, ஓஹ்தானி நாயோடு நடப்பதைப் பார்க்கிறேன், அவரிடமே போய் உன்னைப் பற்றிக் கேட்கட்டுமா என்றது.

பணம் வந்த வழி

ஓஹ்தானியின் கணக்கில் தொடர்பு எண்ணும் மின்னஞ்சலும் மாற்றப்பட்டு மிசுஹாராவிடம் வந்துசேரும்படி ஆகியிருந்தன. வங்கி அனுப்பும் சரிபார்ப்பு எண் அவர் கைக்கே வந்தது. வங்கி சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தியபோது, தொலைபேசியில் நான்தான் ஓஹ்தானி என்று பேசினார். இப்படி ஏறத்தாழ 24 முறை. எதற்குப் பணம் என்று கேட்டால் கார் கடன் என்றார். ஓஹ்தானியின் முகவரும் கணக்காளர்களும் இந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டபோது, அவர் இதைத் தனியாக வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று சொன்னதும் மிசுஹாராதான். ஓஹ்தானியோடு அவர்கள் பேசுவதெல்லாம் இவர் வழியாகவே நடந்தது. கேள்வியும் பதிலும் ஒரே ஆளின் வாய் வழியாகப் போயின.

இது கோடீஸ்வரருக்கு நேர்ந்த விசித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். அப்பாவின் ஓய்வூதியக் கணக்குக்குப் பதிவான எண் மகனுடையது. அம்மாவின் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் மருமகனிடம். சீட்டுப் பணம் வசூலிக்கப் போவதும் கட்டுவதும் ஒரே ஆள். வீட்டில் ‘எல்லாம் அவன் பார்த்துக்குவான்’ என்று ஒருவர் இருக்கிறார் என்றால், அவரைச் சந்தேகப்படத் தேவையில்லை. மாதம் ஒருமுறை கணக்கறிக்கையை இன்னொருவரும் வங்கியிலிருந்து நேரடியாகப் பார்த்தால் போதும். ஓஹ்தானி அந்தக் கணக்கை ஒருமுறை தானே திறந்து பார்த்திருந்தால், அல்லது அவருடைய கணக்காளர் வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து கேட்டிருந்தால், இது இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியிருக்காது.

ஒன்பது அளவுகோல்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேடு, சூதாட்டத்தை மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு அடிமை நோய்கள் பிரிவில் சேர்த்தது. 1980இலிருந்து அது உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகள் வரிசையில் இருந்தது. ஒன்பது அளவுகோல்களில் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது நான்கு இருந்தால் நோய். நான்கு, ஐந்து என்றால் லேசானது. ஆறு, ஏழு நடுத்தரம். எட்டு, ஒன்பது கடுமையானது.

அதே கிளர்ச்சிக்குத் தொகை கூடிக்கொண்டே போவது ஒன்று. குறைக்கப் பார்த்தால் எரிச்சலும் படபடப்பும் வருவது இரண்டு. விட முயன்று திரும்பத் திரும்பத் தோற்பது மூன்று. எந்நேரமும் மனம் அதிலேயே இருப்பது நான்கு. மனச்சுமை வந்தால் ஆட்டத்தைத் தேடுவது ஐந்து. விட்டதைப் பிடிக்கப் போவது ஆறு. மறைக்கப் பொய் சொல்வது ஏழு. வேலையையோ உறவையோ பறிகொடுப்பது, அல்லது அந்த விளிம்புக்குப் போவது எட்டு. ஆட்டத்தால் வந்த பண நெருக்கடிக்கு மற்றவர் பணத்தை நம்புவது ஒன்பது.

நீதிமன்ற ஆவணத்தை வைத்து ஒருவருக்கு நோயறிதல் எழுத முடியாது. அது நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. ஆனால் வெளியிலிருந்து எவ்வளவு தெரியும் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. கூடிக்கொண்டே போகும் தொகை, திரும்பத் திரும்ப ‘கடைசி’, விட்டதைப் பிடித்தல், பொய், வேலை போனது, பிறர் பணம் ஆகிய ஆறும் காகிதத்திலேயே இருக்கின்றன. தெரியாமல் போவது மனத்துக்குள் நடப்பவை மூன்றுதான். உடலில் எந்த அடையாளமும் இல்லாத நோய் இது. வாய்நாற்றம் இல்லை, கண் சிவக்காது, நடை தள்ளாடாது. பணத்தின் நடையைத்தான் பார்க்க வேண்டும்.

மேலும் மேலும் அதிகமாகக் கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை முக்கியமானவர்களிடம் பொய் சொல்லி மறைத்திருக்கிறீர்களா? இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மருத்துவமனைகளில் முதல் வடிகட்டியாக இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

நோய் என்றால் குற்றமில்லையா

தண்டனைக்கு முன் மிசுஹாரா தரப்பு, நெடுநாள் சூதாட்ட நோயையும் வேலைச் சுமையையும் முன்வைத்துக் குறைந்த தண்டனை கேட்டது. அரசுத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியொரு நீண்ட வரலாற்றுக்குப் பதிவேதும் காணோம் என்று வாதாடியது. திருட்டுப் பணம் எல்லாம் பந்தயத்துக்கே போகவும் இல்லை. 2024இன் முதல் மூன்று மாதத்தில் சுமார் 3,25,000 டாலருக்கு இணையத்தில் பேஸ்பால் அட்டைகள் வாங்கப்பட்டிருந்தன. பல் சிகிச்சைக்கென ஓஹ்தானி கொடுத்த 60,000 டாலர் காசோலையைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டு, மருத்துவருக்கு ஓஹ்தானியின் பற்று அட்டையிலிருந்தே கட்டியிருந்தார். பந்தயத்தில் ஜெயித்தபோது அந்தப் பணம் ஓஹ்தானியின் கணக்குக்குத் திரும்பியதாகவும் இல்லை.

கையேட்டின் முந்தைய பதிப்பில், சூதாட்டப் பணத்துக்காகக் குற்றம் செய்வது பத்து அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். மற்ற அளவுகோல்கள் இல்லாமல் அது மட்டும் தனியாக வருவது அரிது, நோயறிதலுக்கு அது கூடுதலாக உதவவில்லை என்பது காரணம். எங்கள் பார்வையில் நோயும் குற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க முடியும். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது. வீட்டுக்கும் இது பொருந்தும். அம்மாவின் வளையலை எடுத்தவருக்குச் சிகிச்சையும் வேண்டும், வளையலுக்குக் கணக்கும் வேண்டும்.

இன்னொரு பாடம், முதல் வாக்குமூலத்தைப் பற்றியது. மிசுஹாரா ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கதை சொன்னார். வீடுகளில் இது வழக்கமாக நடப்பதுதான். முதலில் 2 லட்சம் கடன் என்பார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு 3 லட்சம் வெளியே வரும். பிறகு நண்பர் பெயரில் எடுத்தது. வெட்கமும் பயமும் சேர்ந்து, சொல்லும் தொகையை அவரறியாமலே வெட்டிவிடும். எனவே எவ்வளவு என்று கேட்பதை விடக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து எழுதலாம் என்பது நல்லது.

முதல் மூன்று நாள்

விஷயம் வெடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது உயிர். சூதாட்ட நோயில் தற்கொலை ஆபத்து மிக அதிகம். அதுவும் கடன் அம்பலமாகும் நாட்களில். ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று மிசுஹாராவும் அந்த மார்ச் நாளில் தரகருக்கு எழுதினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூச்சிமருந்து, மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. ஆளைத் தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கு இந்தியாவில் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 எந்நேரமும் எடுப்பார்கள். அந்த மூன்று நாளில் ஏச்சும் பஞ்சாயத்தும் வேண்டாம். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து விசாரிப்பது எல்லாவற்றையும் விட மோசம்.

அடுத்தது பணத்தின் வழிகளை அடைப்பது. மன உறுதியை நம்பி இதைத் தள்ளிப்போடக் கூடாது. சம்பளக் கணக்கிலிருந்து யுபிஐயை நீக்கி, வங்கிச் செயலியில் நாள் வரம்பை மிகக் குறைவாக வையுங்கள். கடன் அட்டையை வெட்டினால் போதாது, வங்கியில் சொல்லிக் கணக்கையே மூட வேண்டும். எண் மட்டும் நினைவிருந்தால் இணையத்தில் ஆட முடியும். சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஆகியவை வேறொருவர் கணக்கு வழியாகப் போகட்டும். அவர் கைக்கு வாரம் ஒருமுறை பேருந்துக்கும் டீக்கும் ஆகும் அளவு ரொக்கம். இதற்கு அவர் ஒப்புக்கொண்டு, எத்தனை மாதம் என்பதும் எழுதப்பட வேண்டும். ஓராண்டு என்று வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசித் தளர்த்தலாம். ஒப்புதல் இல்லாமல் பிடுங்கினால் புதுக் கடனுக்கு வழி தேடுவார்.

தரகரின் எண், டெலிகிராம் குழுக்கள், ஆட்டக் குறிப்பு சொல்லும் சேனல்கள் எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் நீக்க வேண்டும். முடிந்தால் சிம் எண்ணையே மாற்றுங்கள். ‘திரும்பி வா, போனஸ் தருகிறோம்’ என்ற செய்தி பழைய எண்ணுக்குத்தான் வரும்.

கடனை எழுதுதல்

கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். சிபில் உட்பட எல்லாவற்றையும் எடுத்தால் வங்கிக் கடனும் செயலிக் கடனும் தெரிந்துவிடும். அறிக்கையில் வராதவைதான் அதிகம் கடிக்கும். கைமாற்று, வட்டிக்கு வாங்கியது, எடுத்துவிட்ட சீட்டு, நகை அடகு, எல்ஐசி பாலிசி மேல் வாங்கிய கடன், வருங்கால வைப்பு நிதியில் எடுத்தது, அலுவலக நண்பர் பெயரில் எடுத்த கடன். லாக்கரைத் திறந்து நகையை எடை போட்டுப் பாருங்கள்.

ஒரு தாளில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, தவறினால் என்ன நடக்கும் என்று நான்கு பத்தி. அடகு நகை ஏலத்துக்குப் போகும் தேதியும் ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பர் மாட்டிக்கொள்ளும் கடனும் முதலில். அதீத வட்டி வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இங்கேதான் குடும்பங்கள் பெரிய தவறைச் செய்கின்றன. நிலத்தை விற்று, ஒரே நாளில் எல்லாக் கடனையும் அடைத்து, இனி ஆடாதே என்று சத்தியம் வாங்குகிறார்கள். தரகர் வரம்பை ஏற்றியதற்கும் இதற்கும் நோயின் கண்ணில் வித்தியாசம் இல்லை. பழைய பாரம் போய் மூச்சு விட இடம் கிடைக்கிறது, கடன் வாங்கும் தகுதி திரும்ப வருகிறது, இன்னொரு ஆட்டம் தொடங்குகிறது. கடன் அடைவது அவருடைய சம்பளத்திலிருந்து, மாதத் தவணையாக, கடன்காரருக்கு நேரடியாகப் போக வேண்டும். ஐந்து ஆண்டு ஆனாலும் பரவாயில்லை. அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்து ‘போய் கட்டிவிட்டு வா’ என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

சிகிச்சையில் நடப்பது

மனநல மருத்துவர் முதலில் கேட்பது மற்ற நோய்களை. மனச்சோர்வும் மதுவும் அடிக்கடி கூடவே இருக்கும். பார்க்கின்சன் நோய்க்கும் கால் அமைதியின்மைக்கும் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளாலும், மனநல மருந்தான அரிப்பிபிரசோலாலும் சிலருக்குச் சூதாட்ட வெறி புதிதாகக் கிளம்பும். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென ஆட்டம் தொடங்கியிருந்தால் மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவர்தான் மாற்ற வேண்டும். சூதாட்ட நோய்க்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் அளித்த மருந்து கிடையாது. மதுவுக்குத் தரும் நால்ட்ரெக்சோனைச் சிலருக்கு ஆசையைத் தணிக்கத் தருகிறார்கள். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டே தொடங்குவார்கள். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஆகாது.

சான்று அதிகம் உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. பொதுவாக 8 முதல் 12 அமர்வு. முதல் வாரங்களில் ஒரு குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். ஆசை எழுந்த நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, அப்போது கையில் இருந்த பணம், ஆசையின் அளவு பத்துக்கு எத்தனை. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். சம்பள நாள், இரவு 11க்குப் பின் தனியாக இருக்கும் நேரம், மனைவியோடு சண்டை, ஐபிஎல் மாலை. பிறகு அந்த நேரங்களுக்கு மாற்று ஏற்பாடு. ஆசை அலை போல எழுந்து தானே தணியும். அரை மணி நேரம் கைபேசியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடப்பது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் 38 நிமிடத்துக்கு ஒரு பந்தயம் என்று ஓடியவருக்கு அந்த அரை மணிதான் முதல் வெற்றி.

அடுத்த கட்டம் பொய்க் கணக்குகளை உடைப்பது. ஐந்து முறை தோற்றதால் ஆறாவது வரும் என்ற எண்ணம், நூலிழையில் தப்பியதை வெற்றிக்குப் பக்கம் வந்ததாக எடுத்துக்கொள்வது, தோற்றதை மறந்து ஜெயித்ததை மட்டும் நினைவில் வைப்பது. வங்கி அறிக்கையை வைத்து உள்ளே போனது, வெளியே வந்தது என்று மொத்தத்தைத் தன் கையாலேயே கூட்டச் சொல்வதற்கு நிகரான மருந்து இல்லை. பெரும்பாலானவர்கள் அதுவரை அந்தக் கூட்டலைப் போட்டதே இல்லை.

1957இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ குழுக்கள் பல நாடுகளில் கூடுகின்றன. அதே வழியில் வந்தவர்களோடு பேசும் ஆறுதல் மருத்துவரால் தர முடியாதது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணைய, விளையாட்டு அடிமைத்தனத்துக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே தொடங்கலாம். மிசுஹாராவுக்குப் பிணை கொடுத்த நீதிபதியும் ஆடக் கூடாது, தரகர்களோடு தொடர்பு கூடாது, சூதாட்டச் சிகிச்சை பெற வேண்டும் என்ற மூன்றையும் ஒன்றாகவே வைத்தார். சிகிச்சையைத் தனியாகவும் தொடர்பைத் தனியாகவும் பிரித்தால் இரண்டும் நிற்காது.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவின் இரண்டு தேசிய ஆய்வுகளை 2006இல் அலசியபோது, ஒரு காலத்தில் இந்த நோய் இருந்தவர்களில் 36 முதல் 39 சதவீதத்தினருக்கு முந்தைய ஓராண்டில் எந்தச் சூதாட்டப் பிரச்சினையும் இல்லை. சிகிச்சையையோ கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் குழுவையோ நாடியவர்களோ 7 முதல் 12 சதவீதம் மட்டுமே.

சறுக்கினால்

முதல் இரண்டு வாரம் தூக்கமின்மை, எரிச்சல், கைபேசியைத் தேடும் கை. அது தணியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு கணக்கறிக்கை பார்ப்பதை நிறுத்திய பின்னும் சறுக்கல் வரலாம். தவணை முடியும் மாதமும் போனஸ் வரும் தீபாவளியும் பெரிய போட்டித் தொடரும் அதிக ஆபத்தான காலங்கள்.

ஒருமுறை ஆடிவிட்டால் என்ன செய்வது என்பதை ஆடாதபோதே எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒருவரிடம் தொகையோடு சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். சொன்னால் திட்டமாட்டார், பணமும் தரமாட்டார் என்ற இரண்டையும் காப்பாற்றக் கூடியவரே அதற்கு ஏற்றவர். அண்ணனோ அக்காவோ நண்பரோ, மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொன்ன அன்றே எந்த வழியில் பணம் வந்தது என்று பார்த்து அந்த ஒரு வழியை அடைக்க வேண்டும். தோற்றதை மட்டுமல்ல, ஜெயித்ததையும் மறைப்பார்கள். எனவே வீட்டில் காரணமில்லாமல் பணம் புழங்கினால், மகன் திடீரென்று எல்லோருக்கும் புதுத்துணி எடுத்துக்கொண்டு வந்தால், அன்று மாலையே வங்கி அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.